பச்சை விளக்குக் காட்டுதல் (ஆங்கில மரபுத்தொடர்)

பச்சை விளக்குக் காட்டுதல் என்பது, ஆயத்த நிலையில் உள்ள ஒரு செயலைத் தொடங்கவோ மேற்கொண்டு நடத்தவோ அதிகாரம் உடையவர் இசைவு அளிப்பதைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர் ஆகும். ஆங்கிலத்தில் இது "கிவ் த கிரீன் லைட்" என வழங்குகிறது. இசைவைப் பெறுபவர் நோக்கில் "கெட் த கிரீன் லைட்" என்றும் சொல்லப்படும். தொடர்வண்டிப் பாதைகளில் இரவில் காட்டப்பட்ட சைகை விளக்குகளும், பின்னர் சாலைச் சந்திப்புகளில் அமைக்கப்பட்ட போக்குவரத்து விளக்குகளும் இத்தொடரின் பிறப்பிடங்கள். தமிழில் இதற்கு ஈடாக வழங்குவது பச்சைக்கொடி காட்டுதல் என்பதாகும்.

பச்சை நிறம் தொடக்கம் முதலே "செல்லலாம்" என்னும் பொருளைத் தந்து வந்தது எனப் பரவலாகக் கருதப்படுகிறது. இது சரியன்று. தொடர்வண்டிகளின் முதல் அரை நூற்றாண்டில் பச்சை எச்சரிக்கையின் நிறமாகவே இருந்தது. செல்வதற்கான நிறம் வெள்ளை. இந்த மாற்றம் நிகழ்ந்த வரலாற்றை அறிந்தால் மரபுத்தொடரின் பொருள் நுட்பமும் விளங்கும்.

== பொருள் ==

இத்தொடர் எல்லா வகையான சம்மதத்தையும் குறிப்பதில்லை. இதைப் பயன்படுத்த மூன்று கூறுகள் வேண்டும். ஒருவர் புறப்பட ஆயத்தமாகக் காத்திருக்க வேண்டும்; அவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை மற்றொருவரிடம் இருக்க வேண்டும்; அந்த மற்றொருவர் தம் இசைவை ஐயமின்றித் தெரியும்படி வெளிப்படுத்த வேண்டும். நண்பர் கேட்ட நூலை இரவல் தருவது பச்சை விளக்கு ஆகாது. மாநகராட்சி மன்றம் ஒரு பாலத்தின் வரைபடத்தை ஏற்றுப் பணியைத் தொடங்கச் சொல்வது பச்சை விளக்காகும்.

மாணவர்கள் இரண்டு இடங்களில் தவறுவதுண்டு. முதலாவது, பச்சை விளக்குப் பெற்ற செயல் முடிந்துவிட்டதாகப் பொருள் கொள்வது. இத்தொடர் புறப்பாட்டை மட்டுமே குறிக்கும்; பாலம் இன்னும் கட்டப்படவில்லை. இரண்டாவது, இதைப் பாராட்டு என்றோ உத்தரவாதம் என்றோ கொள்வது. விளக்குக் காட்டியவர் பயணம் நலமாக முடியும் என்று உறுதி கூறவில்லை. பாதையில் இனித் தம்மால் தடையில்லை என்று மட்டுமே கூறுகிறார்.

பெயர்ச்சொல்லாக வழங்கிய இத்தொடர் பின்னர் "கிரீன்லைட்" என ஒரே சொல்லாகி வினையாகவும் வழங்கலாயிற்று. இதன் இறந்தகால வடிவம் "கிரீன்லிட்", "கிரீன்லைட்டட்" என இருவகையாகவும் எழுதப்படுகிறது, இரண்டும் பிழையல்ல.

== வெள்ளை செல்லுமாறு கூறிய காலம் ==

1830 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லிவர்ப்பூல் - மான்செஸ்டர் பாதையிலும் அதன் பின் வந்த பாதைகளிலும், தொடக்கத்தில் பாதையோரம் நின்ற காவலர்களே பகலில் கைகளாலும் கொடிகளாலும் இரவில் விளக்குகளாலும் சைகை காட்டினர். காலப்போக்கில் சிவப்பு ஆபத்தையும், பச்சை எச்சரிக்கையையும், வெள்ளை தடையின்மையையும் குறிக்கும் முறை பிரித்தானியாவில் நிலைபெற்றது. வெள்ளை என்பது நிறக் கண்ணாடி எதுவும் இல்லாத எண்ணெய் விளக்கின் இயல்பான ஒளியே ஆகும்.

இம்முறை எளிமையானது. ஆனால் அதில் இரண்டு குறைகள் இருந்தன. ஊர்கள் வளர்ந்து வீடுகளிலும் தெருக்களிலும் விளக்குகள் பெருகியபோது, எது சைகை, எது யாரோ ஒருவர் வீட்டுச் சாளரத்தின் ஒளி என்று ஓட்டுநரால் பிரித்தறிய இயலாமற் போயிற்று. மற்றொன்று இதனினும் கொடியது. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளிருக்கும் சுடர் வெள்ளையாகத் தெரியும். அதாவது, "நில்" என்று சொல்ல வேண்டிய கருவி பழுதானவுடன் "செல்" என்று சொல்லிவிடும்.

== அபட்ஸ் ரிப்டன் விபத்து ==

பழுதான கருவி இசைவு தந்துவிடும் என்பதற்குக் கண்ணாடி உடைய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1876 ஆம் ஆண்டு சனவரி 21 ஆம் நாள் இங்கிலாந்தின் அண்டிங்டன் நகருக்கு அருகே அபட்ஸ் ரிப்டன் என்னும் இடத்தில் நிகழ்ந்த விபத்து இதைக் காட்டியது.

அக்காலத்துக் கைகாட்டிகளில், கை போன்ற பலகை கம்பத்தில் உள்ள பிளவு ஒன்றினுள் இறங்கி மறைந்தால் "தடையில்லை" என்று பொருள். கிடையாக நீண்டால் "நில்" என்று பொருள். கைகாட்டிகள் வழக்கமாக மறைந்த நிலையிலேயே, அதாவது செல்லலாம் என்னும் நிலையிலேயே, வைக்கப்பட்டிருந்தன. நிறுத்த வேண்டிய வேளையில் மட்டும் கையை உயர்த்துவர். அன்று கடும் பனி பெய்தது. பின்னால் வரும் விரைவு வண்டிக்கு வழிவிடுவதற்காக ஒரு நிலக்கரி வண்டியை ஓம் என்னும் முந்தைய நிலையத்தில் நிறுத்த அங்கிருந்த பணியாளர் நெம்புகோலை இழுத்து வைத்தார். ஆனால் பிளவில் பனி உறைந்து கிடந்தது, கை மேலெழவில்லை. விளக்கு வெள்ளையாகவே தெரிந்தது. நிலக்கரி வண்டி நிற்காமல் அபட்ஸ் ரிப்டன் வரை சென்றது. அங்கு அதைப் பக்கப் பாதைக்கு ஒதுக்கிக்கொண்டிருந்த வேளையில், எடின்பரோவிலிருந்து இலண்டன் நோக்கி வந்த விரைவு வண்டி, அதுவும் வெள்ளை விளக்குகளையே கண்டு முழு வேகத்தில் வந்து, அதன்மீது மோதியது. சற்று நேரத்தில் எதிர்த்திசையில் வந்த மற்றொரு விரைவு வண்டி அந்த இடிபாடுகளில் மோதியது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பணியாளர்கள் நெம்புகோலைச் சரியான நிலையில் வைத்திருந்தனர். ஓட்டுநர்களும் தாம் கண்ட சைகைக்குக் கீழ்ப்படிந்தே வந்தனர். இசைவு தராத இடத்தில் இசைவு இருப்பதாகத் தோன்றியதே விபத்தின் காரணம். இதன் பின்னர், கைகாட்டியின் இயல்பு நிலை "நில்" என்பதாக இருக்க வேண்டும்; வண்டி செல்லலாம் என்று ஒருவர் முடிவு செய்த பின்னரே அது மாற்றப்பட வேண்டும் என்னும் நடைமுறை பிரித்தானியப் பாதைகளில் பரவியது. பனி தங்காதவாறு கம்பத்துக்கு வெளியே சுழலும் கைகளும் அமைக்கப்பட்டன.

பிற்கால மரபுத்தொடரில் "கொடுத்தல்" என்னும் வினை இடம்பெறுவது இந்த நடைமுறையோடு நன்கு பொருந்துகிறது. இசைவு தானாக இருப்பதன்று. ஒருவர் தர வேண்டுவது.

== வெள்ளை விலகியது ==

19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிரித்தானியப் பாதைகள் படிப்படியாக வெள்ளையைக் கைவிட்டுப் பச்சையைத் "தடையில்லை" என்பதற்குரிய நிறமாக ஏற்றன. ஐக்கிய அமெரிக்காவில் நியூயார்க், நியூ ஏவன், ஆர்ட்ஃபோர்டு தொடர்வண்டி நிறுவனம் 1899 ஆம் ஆண்டளவில் எச்சரிக்கைக்கு மஞ்சளையும் செல்வதற்குப் பச்சையையும் பயன்படுத்தத் தொடங்கியது. இதன்பின் வெள்ளை ஒளி தெரிந்தால் கண்ணாடி உடைந்திருக்கிறது என்று பொருள். ஓட்டுநர் நிறுத்த வேண்டும்.

பழைய கைகாட்டிகளின் "பச்சை"க் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் நீலம் கலந்தே இருக்கும். எண்ணெய்ச் சுடரின் மஞ்சள் ஒளி அந்த நீலத்தின் வழியே வரும்போது பச்சையாகத் தெரியும். சப்பானியர் இன்றும் பச்சைப் போக்குவரத்து விளக்கை நீலத்துக்குரிய "அவோ" என்னும் சொல்லால் அழைக்கின்றனர். ஆனால் அதற்குக் காரணம் கண்ணாடி அன்று. அம்மொழியில் அவோ என்பது பழங்காலத்தில் பச்சையையும் உள்ளடக்கியிருந்தது.

== சாலைக்கு வந்த விளக்கு ==

சாலைப் போக்குவரத்து விளக்கு தொடர்வண்டியின் நேர் வழித்தோன்றல். முதல் விளக்கு 1868 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இலண்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகே நிறுவப்பட்டது. அதை வடிவமைத்த ஜே. பி. நைட் தொடர்வண்டித் துறையைச் சார்ந்தவர். பகலில் கைகாட்டிக் கைகளும் இரவில் எரிவாயுவால் எரியும் சிவப்பு, பச்சை விளக்குகளும் அதில் இருந்தன. அன்றைய தொடர்வண்டி வழக்கப்படி இதிலும் பச்சைக்கு "எச்சரிக்கை" என்றே பொருள். நடந்து செல்வோரைக் கருத்திற்கொண்டு கவனமாகக் கடக்க வேண்டும் என்பதே வண்டியோட்டிகளுக்குச் சொல்லப்பட்டது. 1869 ஆம் ஆண்டு சனவரியில் எரிவாயுக் கசிவால் அது வெடித்து, இயக்கிய காவலர் காயமுற்றார். அதன்பின் நெடுங்காலம் இலண்டன் சாலைகள் விளக்கின்றியே இருந்தன.

மின் விளக்குச் சைகை 1914 ஆம் ஆண்டு ஆகத்து 5 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் யூக்ளிட் நிழற்சாலைச் சந்திப்பில் செயற்படத் தொடங்கியது. அதில் சிவப்பும் பச்சையும் மட்டுமே இருந்தன. அருகிலிருந்த கூண்டிலிருந்து காவலர் ஒருவர் இயக்கினார். 1920 ஆம் ஆண்டு டிட்ராயிட் நகரக் காவல் அதிகாரி வில்லியம் பாட்சு மஞ்சளையும் சேர்த்து நான்கு திசைகளுக்கும் உரிய விளக்கை அமைத்தார். தொடர்வண்டியில் ஏறியிராதவருக்கும் பச்சை என்றால் செல்லலாம் என்பது இதன்பின்னரே அன்றாட அறிவாயிற்று.

நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூசு நகரில் டிப்பரேரி மலை என்னும் பகுதியில் பச்சை மேலேயும் சிவப்பு கீழேயும் அமைந்த ஒரு விளக்கு உண்டு. அங்கு வாழ்ந்த அயர்லாந்து வழியினர், பிரித்தானியச் சிவப்பு அயர்லாந்துப் பச்சையின் தலைமேல் இருப்பதைப் பொறாமல் 1920களில் விளக்கைக் கல்லெறிந்து உடைத்தவண்ணம் இருந்தனர். இறுதியில் நகர நிருவாகம் இணங்கியது.

== உருவக வழக்கு ==

"இசைவு" என்னும் உருவகப் பொருளில் இத்தொடர் 1930களிலிருந்து அமெரிக்க எழுத்துகளில் காணப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் வான்குடை வீரர்கள் வானூர்தியின் கதவருகே சிவப்பு விளக்கைக் கண்டு ஆயத்தமாகி, பச்சை எரிந்தவுடன் குதித்தனர். இங்கு விளக்கு இசைவாக மட்டுமன்றிக் கட்டளையாகவும் இருந்தது. அடிபந்தாட்டத்தில் பந்தை அடிக்க முயலலாம் என்றோ அடுத்த தளத்துக்குத் திருட்டோட்டம் ஓடலாம் என்றோ பயிற்சியாளர் ஆட்டக்காரருக்குத் தரும் உரிமையும் இப்பெயராலேயே அழைக்கப்படுகிறது.

ஆலிவுட் திரைத்துறையில் இது ஒரு கலைச்சொல்லாகவே ஆகிவிட்டது. அங்கு கதை வாங்குவது, திரைக்கதை எழுதுவது, நடிகர்களோடு பேசுவது ஆகியவை அனைத்தும் "வளர்ச்சி" நிலை எனப்படும். இந்நிலையில் ஒரு படம் பல ஆண்டுகள் கிடக்கலாம். படப்பிடிப்புக்கான பணத்தை ஒதுக்க நிறுவனம் முடிவு செய்யும் கணமே பச்சை விளக்கு. அந்த முடிவை எடுக்கும் உரிமை மிகச் சிலரிடமே இருக்கும்; ஒருவர் உண்மையில் எவ்வளவு அதிகாரம் உடையவர் என்பதை அறிய, அவரால் பச்சை விளக்குக் காட்ட முடியுமா என்றே கேட்பது அத்துறை வழக்கம்.

தானுந்துப் பந்தயத்தில் மட்டும் நிலைமை சற்று வேறானது. ஃபார்முலா 1 பந்தயத்தில் 1996 ஆம் ஆண்டு முதல், எரியும் ஐந்து சிவப்பு விளக்குகள் அணைவதே புறப்பாட்டுக்கான சைகை. பச்சை எரிவதில்லை.

எஃப். ஸ்காட் ஃபிட்சுசெரால்டு 1925 ஆம் ஆண்டு வெளியிட்ட த கிரேட் கேட்சுபி புதினத்தில் வரும் பச்சை விளக்கு இம்மரபுத்தொடரைச் சார்ந்ததன்று. அது படகுத்துறை ஒன்றின் முனையில் எரியும் விளக்கு. எட்டாத ஏக்கத்தின் குறியீடாக விளக்கப்படுவது. ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளுதல் கூடாது.

== அரசியலில் ==

அனைத்துலக அரசியலில் இத்தொடர் பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது. ஒரு நாடு மற்றொன்றின்மீது படையெடுக்கும்போது, வல்லரசு ஒன்று முன்னரே அதற்குப் பச்சை விளக்குக் காட்டியதா என்னும் கேள்வி எழும். வெளிப்படையான ஒப்புதல் ஆவணம் இத்தகைய இடங்களில் அரிதாகவே இருக்கும். எதிர்ப்புத் தெரிவிக்காமையை இசைவாகக் கொள்ளலாமா என்பதே வழக்கு.

1975 ஆம் ஆண்டு டிசம்பர் 6 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் செரால்டு ஃபோர்டும் வெளியுறவுச் செயலர் என்றி கிசிஞ்சரும் சகார்த்தாவில் இந்தோனேசியத் தலைவர் சுகார்த்தோவைச் சந்தித்தனர். மறுநாள் இந்தோனேசியப் படைகள் கிழக்குத் திமோருக்குள் புகுந்தன. அந்த ஆக்கிரமிப்பு 1999 வரை நீடித்தது. பெருந்தொகையான மக்கள் மாண்டனர். சந்திப்பின் முழுக் குறிப்புகள் 2001 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. சுகார்த்தோ தம் எண்ணத்தை எடுத்துரைத்ததும், அமெரிக்கத் தரப்பு அதைத் தடுக்க முயலவில்லை என்பதும் அவற்றில் தெரிந்தன. அன்று முதல் இந்நிகழ்வைக் குறிக்க எழுத்தாளர்கள் பலர் இம்மரபுத்தொடரையே கையாளுகின்றனர்.

1990 ஆம் ஆண்டு நிகழ்வு இதனினும் சிக்கலானது. அவ்வாண்டு சூலை 25 ஆம் நாள் ஈராக்குக்கான அமெரிக்கத் தூதர் ஏப்ரல் கிளாசுப்பி சதாம் உசேனைச் சந்தித்தார். ஆகத்து 2 ஆம் நாள் ஈராக்கு குவைத்தைக் கைப்பற்றியது. அரபு நாடுகளுக்கு இடையிலான எல்லைப் பிணக்குகளில் தம் நாடு எப்பக்கமும் சாராது என்னும் கருத்தில் தூதர் பேசியதே பச்சை விளக்காயிற்று என்று திறனாய்வாளர் கூறினர். வன்முறையை ஏற்க இயலாது என்று தாம் எச்சரித்ததாகக் கிளாசுப்பி 1991 ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்க மேலவைக் குழு முன் கூறினார். பேசியவர் வைத்த நெம்புகோலும் கேட்டவர் கண்ட விளக்கும் ஒன்றுதானா என்பதில் இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு.

== ஒத்த தொடர்கள் ==

"கோ அஹெட்" என்பது பொதுவான இசைவு. கதவைத் திறக்கலாமா என்று கேட்பவருக்குக்கூடச் சொல்லலாம். "ஆல் கிளியர்" ஆபத்து நீங்கியதை அறிவிப்பது. வான்தாக்குதல் முடிந்ததும் ஒலிக்கும் சங்கு நினைவுக்கு வரும். "கார்ட் பிளான்ஷ்" என்னும் பிரெஞ்சுத் தொடர் விரும்பியவாறெல்லாம் செய்யும் வரையறையற்ற உரிமையைக் குறிக்கும். பச்சை விளக்கோ குறிப்பிட்ட ஒரு செயலுக்கு மட்டும் உரியது. ஆராயாமல் ஒப்புதல் வழங்குவது "ரப்பர் ஸ்டாம்ப்". இசைவுக்குக் காத்திராமல் முந்துவதை ஓட்டப்பந்தயத்திலிருந்து பிறந்த "ஜம்ப் த கன்" குறிக்கிறது. அமெரிக்கத் தொடர்வண்டியாளர் வழங்கும் "ஹைபால்" என்னும் சொல்லும் புறப்பட இசைவு என்னும் பொருளுடையது. கம்பத்தில் உயரே ஏற்றப்பட்ட பந்து வடிவச் சைகையிலிருந்து அது வந்தது.

== தமிழில் ==

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856 ஆம் ஆண்டு சூலை 1 ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை ஓடியது. தொடர்வண்டியோடு பிரித்தானியச் சைகை முறையும் வந்தது. கம்பத்துச் சைகைக்குத் தமிழ் மக்கள் "கைகாட்டி" என்று பெயரிட்டனர். ஆங்கிலேயர் விளக்கை உருவகமாக்கிக்கொள்ள, தமிழர் கொடியை எடுத்துக்கொண்டனர். நடைமேடையில் நின்ற மக்கள் பகலில் கண்டது, வண்டியின் கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு அசைத்த பச்சைக் கொடியையே. இந்திய இரயில்வே 2022 ஆம் ஆண்டு சனவரியில் கார்டு என்னும் பதவிப் பெயரை டிரெயின் மேனேஜர் என மாற்றியது, கொடி மாறவில்லை.

"திருமணத்துக்குப் பெண் வீட்டார் பச்சைக்கொடி காட்டிவிட்டனர்", "கூட்டணிக்குத் தலைமை பச்சைக்கொடி" என்பன போன்ற வழக்குகள் செய்தித்தாள்களிலும் பேச்சிலும் இயல்பாக வழங்குகின்றன. முதல் எடுத்துக்காட்டு, அரசுக் கோப்புகளுக்கு அப்பால் இல்லறச் செய்திக்கும் தமிழ் வழக்கு இடம் தருவதைக் காட்டுகிறது. ஆயினும் அதிகாரம், காத்திருப்பு, வெளிப்படையான இசைவு ஆகிய மூன்றும் இங்கும் உள்ளன. அமைச்சர் ஒருவர் புதிய வண்டியைக் "கொடியசைத்துத் தொடங்கி வைத்தார்" என்பது உருவகம் அன்று. அவர் உண்மையாகவே கொடியை அசைத்தார். இலங்கையில் பச்சை ஐக்கிய தேசியக் கட்சியின் நிறம் ஆதலால், தேர்தல் காலத்துத் தலைப்புகளில் வரும் பச்சைக்கொடி எது என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டும்.

பேச்சுத் தமிழில் வழங்கும் "லைன் கிளியர்" என்பதும் தொடர்வண்டி தந்ததே. ஒற்றைப் பாதையில், அடுத்த நிலைய அதிகாரி பாதை காலியாக உள்ளது என்று உறுதி கூறிய பின்னரே வண்டியை விடுவர். ஆகவே முறைப்படி லைன் கிளியர் முதலிலும் பச்சைக்கொடி அதன் பின்னும் வரும். பேச்சு வழக்கிலும் இவ்வேறுபாடு ஓரளவு நிலைத்துள்ளது: தடை நீங்கியது என்பதற்கு முன்னதும், புறப்படலாம் என்பதற்குப் பின்னதும் வழங்குகின்றன.

மொழிபெயர்ப்போர் சிலர் ஆங்கில வினையை அப்படியே பின்பற்றிப் "பச்சை விளக்குக் கொடுத்தது" என்று எழுதுவதுண்டு. தமிழில் விளக்கையும் கொடியையும் காட்டுவதே மரபு. சட்ட ஆவணம், அரசாணை போன்ற இடங்களில் உருவகத்தைத் தவிர்த்து "ஒப்புதல் அளித்தது", "இசைவு வழங்கியது" என்று எழுதுவதே பொருத்தம்.